எஞ்சினுக்குக் கொஞ்சம் காற்று

நவம்பர் 6, திங்கள்

இன்றைக்கும் இவர் வீடு வந்து சேர எட்டு மணி ஆகிவிட்டது. கேட்டால் வண்டி சூடாகிவிட்டதாம். மலை ரோட்டில் குஞ்சப்பனைக்கு மேலே இருக்கிற வளைவில் நிறுத்தி, ஆறவைத்துவிட்டு வந்தாராம். ஒரு எஞ்சின் ஆறுவதற்கு முக்கால் மணி நேரமா? நான் வைத்த ரசம் அதற்குள் இரண்டு தரம் ஆறிப்போய், இரண்டு தரம் சுடவைத்தாயிற்று.

இந்த டைரி உரக்கடையில் ஜனவரியில் கொடுத்தது. நவம்பரில் எழுத ஆரம்பிக்கிறேன். மகள் கவிநிலா கோயம்புத்தூரில் நர்சிங் படிக்கிறாள். போனில் அவளிடம் புலம்பினால், "அம்மா, எனக்குப் பரீட்சை இருக்குது. எதுலயாச்சும் எழுதி வெச்சுக்கோ" என்கிறாள். சரி, எழுதி வைக்கிறேன். இந்த வீட்டில் நான் பேசுவதைக் கேட்க வேறு யார் இருக்கிறார்கள்?

கோத்தகிரியில் குளிர் கடுமையாகிவிட்டது. இவர் காலையில் ஆறரைக்கு பைக்கை எடுத்தால் மேட்டுப்பாளையம் உருளைக்கிழங்கு மண்டிக்குப் போய்ச் சேர எட்டாகிறது. பத்தொன்பது வருஷமாக அங்கே கணக்கு எழுதுகிறார். அந்தப் பனியில் கால் மரத்துப் போகிறது என்று ஐப்பசி பிறந்ததுமே வண்டியின் முன்கம்பிக்கு ரெக்சினில் உறை தைத்துக் கட்டிவிட்டேன். மலையில் எல்லோரும்தான் கட்டுகிறார்கள், ஏதோ பழைய பிளெக்ஸ் பேனரைக் கயிறு போட்டு. நான் சீட் கவர் கடை வைத்திருக்கிறவள். என் வீட்டு வண்டிக்கு அப்படிக் கட்டினால் ஊர் சிரிக்காதா? உள்ளே கம்பளித் துணி, வெளியே கறுப்பு ரெக்சின், இரண்டு பக்கமும் கால் வைக்கிற இடம் வரைக்கும் மடிப்பு, சேறு தெறிக்காமல் அடியிலும் ஒரு சுற்று. துளிக் காற்றுக்கூடப் போகாது.

வந்தவுடன் எத்தனை லோடு, முதலாளி என்ன சொன்னார் என்று கேட்டேன். "ஆறு லோடு. மொதலாளி என்னையக் கூப்பிட்டு ஊட்டிக் கிழங்கைத் தனியா எழுதச் சொன்னாரு" என்றார். அதற்குமேல் ஒரு வார்த்தை வாங்க முடியவில்லை.

நவம்பர் 8, புதன்

மெக்கானிக் பெள்ளிராஜைக் கடைக்கே வரவழைத்துக் கேட்டேன். ஆயில் மாற்றச் சொன்னான். போன வாரம்தானே மாற்றினாய் என்றேன். அப்படியென்றால் பிளக் என்றான். பிளக்கும் மாற்றியாயிற்று. தலையைச் சொறிந்துகொண்டு, வண்டியைப் பார்க்காமல் என்னைப் பார்த்தான். "வண்டிக்கு வயசாச்சுக்கா" என்றான். உனக்கும்தான் ஆச்சு, உன்னை யார் மாற்றுகிறார்கள் என்று கேட்டுவிட்டு உள்ளே போய்விட்டேன்.

நவம்பர் 9, வியாழன்

எட்டேகால்.

நவம்பர் 12, ஞாயிறு

தீபாவளி. கவிநிலா வந்திருந்தாள். அப்பாவும் மகளும் வாசலில் உட்கார்ந்து ஒரு மணி நேரம் ஒன்றும் பேசாமல் முறுக்குத் தின்றார்கள். நான் போய் "என்ன பேசிக்கிட்டிருக்கீங்க" என்றதும் இரண்டு பேரும் எழுந்துவிட்டார்கள்.

சாயந்திரம் பஸ் ஏறும்போது அவள் சொல்கிறாள்: "அம்மா, அப்பா வந்த உடனே ஹெல்மெட்டக் கழட்டறதுக்குள்ள போலீஸ்காரர் மாதிரி கேக்காதம்மா." கேட்காமல்? வீட்டுக்கு வருகிற மனுஷனை என்ன ஏது என்று விசாரிக்காமல் சுவரைப் பார்த்துக்கொண்டிருக்கவா? அக்கறை இருக்கிறவள்தான் கேட்பாள்.

நவம்பர் 14, செவ்வாய்

இவருடைய சட்டை துவைக்கத் துவைக்க அலுத்துப் போகிறது. வலது தோளில் சாக்கு நார் ஊசியாகக் குத்திக்கொண்டு நிற்கிறது. கணக்குப்பிள்ளை நாற்காலியில் உட்காராமல் மூட்டையில் சாய்ந்துகொண்டு எழுதுகிறாராக்கும். சொன்னால், "சரி" என்கிறார். எதற்கெடுத்தாலும் சரி.

இன்று லேட்டுக்குக் காரணம் வண்டி. மண்டியில் என்ன விசேஷம் என்றால், குஜராத் லாரி ஒன்று கல்லாறு பக்கம் பஞ்சராகி நின்றுவிட்டதாம். போன வாரமும் குஜராத் லாரிதான் கல்லாறில் பஞ்சராகி நின்றது. அந்த லாரிக்காரன் நல்ல டயராக வாங்கிப் போடக்கூடாதா?

நவம்பர் 15, புதன்

சாப்பிட்டுக்கொண்டே, தட்டைப் பார்த்துச் சொல்கிறார்: "மண்டிக்குப் பக்கத்துல ஒரு ரூம் இருக்குதாம். வண்டி இப்படிப் படுத்தினா தெனமும் மலை ஏற முடியாது புள்ள. வாரம் பூரா அங்க தங்கிக்கறேன். சனிக்கெழமை வந்தர்றேன். மார்கழி பொறக்கறதுக்குள்ள பாத்துக்கலாம்னு இருக்கறேன்."

"வண்டிக்காகங்களா?" என்றேன்.

"வேறெதுக்கு?"

தாராளமாகப் போகட்டும். எனக்கென்ன, காலையில் ஐந்து மணிக்கு எழுந்து டப்பா கட்டுகிற வேலை மிச்சம். ரசம் ஒரு தரம் சுடவைத்தால் போதும். ராத்திரி கதவு எந்நேரம் தட்டுவார் என்று காதைத் தீட்டிக்கொண்டு உட்கார வேண்டியதில்லை. ரொம்ப நிம்மதி.

நான் இன்று சாப்பிடவில்லை. பசிக்கவில்லை.

நவம்பர் 17, வெள்ளி

ஒன்று முடிவு செய்துவிட்டேன். வண்டி சூடாவதால்தான் ரூம் என்றால், வண்டி சூடாகக் கூடாது. அவ்வளவுதான் விஷயம்.

நவம்பர் 19, ஞாயிறு

காலையில் ஜீப் சீட் ஒன்று தைத்துக்கொண்டிருந்தபோது மெஷின் மோட்டாரில் தீய்ந்த நாற்றம். குனிந்து பார்த்தால், வெட்டிப் போட்ட ரெக்சின் துண்டெல்லாம் சரிந்து மோட்டாரை மூடிக் கிடக்கிறது. அதற்குக் காற்றுப் போகிற ஓட்டை ஒன்றுகூட வெளியே தெரியவில்லை. துண்டுகளை அள்ளி எறிந்தேன். கொஞ்ச நேரத்தில் மோட்டார் பழையபடி ஆகிவிட்டது.

ரெக்சின் துண்டைக் கையில் வைத்துக்கொண்டு ரொம்ப நேரம் நின்றேன். அப்புறம் வாசலுக்குப் போய் வண்டியைப் பார்த்தேன். முன்னால் ரெக்சின், இரண்டு பக்கமும் ரெக்சின், அடியில் ரெக்சின். எஞ்சினைக் கைக்குழந்தை மாதிரிச் சுற்றி வைத்திருக்கிறது.

பெள்ளிராஜை வரச்சொன்னேன். "இந்த எஞ்சினுக்குத் தண்ணி கெடையாதுக்கா, காத்துதான்" என்றான். "சிலிண்டரச் சுத்தித் தகடு தகடா இருக்குதில்ல, அது நடுவுல காத்துப் பூந்து போனாத்தான் சூட்டை வாங்கிட்டுப் போகும். ஏத்தத்துல ரெண்டாவது கியருல வண்டி ஊர்ந்துட்டுப் போகுது. எஞ்சினுக்கு வேலை சாஸ்தி, காத்துக் கம்மி. அந்தக் கொஞ்சமும் வரலீன்னா எப்படி?"

"இந்த உறைதான் காரணம்னு உனக்கு முன்னாடியே தெரியுமா?"

அவன் ஸ்பேனரைத் துடைத்தான். துடைத்துக்கொண்டே இருந்தான். "நீங்க தெச்சது... அதான் ஒண்ணும் சொல்லல."

இவனுக்கு என்னிடம் என்ன பயம்? நான் என்ன கடித்தா வைக்கிறேன்? ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் ஆயிலும் பிளக்கும் மிச்சம். எனக்கு வந்த கோபத்துக்கு அவன் டீ கூடக் குடிக்காமல் கிளம்பிவிட்டான்.

நவம்பர் 20, திங்கள்

உறையைக் கழற்றி எறிந்துவிடலாம். ஆனால் காலையில் பனி ஊசி மாதிரி இறங்குகிறது, இவருக்கு ஏற்கனவே முழங்கால் வலி. அதனால் எஞ்சினுக்கு நேராக இரண்டு ஜன்னல் வெட்டி வலை வைத்துத் தைத்தேன். இவரிடம் காரணம் சொல்லவில்லை. பழசு கிழிந்துவிட்டது, புதுசு வைத்தேன் என்றேன்.

நவம்பர் 22, புதன்

கால் விறைத்துப் போகிறதாம். ஜன்னல் வழியாக வருகிற காற்று எஞ்சினுக்குப் போகாமல் நேராக இவருடைய பாதத்துக்குப் போகிறது. எஞ்சினும் சூடு, காலும் ஐஸ். இதைவிட மோசமாகச் செய்ய வேண்டும் என்று நினைத்தால்கூட என்னால் முடிந்திருக்காது.

நவம்பர் 26, ஞாயிறு

காற்றை உள்ளே விட்டால் போதாது, அதற்கு வழி காட்ட வேண்டும். வாய் அகலமாக, போகப் போகக் குறுகி, எஞ்சின் தலைக்கு நேராக முடிகிற மாதிரி ஒரு குழாய். எண்ணெய் ஊற்றுகிற புனல் இல்லையா, அதைப் படுக்கவைத்த மாதிரி. நடுவில் சக்கரமும் மட்கார்டும் மறைப்பதால் பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு. சீட் ஓரத்துக்குப் போடுகிற கம்பியை வளைத்து, மேலே ரெக்சின் இழுத்துத் தைத்தேன். விரல் இரண்டில் ஊசி ஏறியது. இவர் வாசற்படியில் உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருந்தார்.

"என்ன பண்றே?" என்றார்.

"உங்க வண்டிக்கு மூக்கு வெக்கறேன்."

சிரிப்பார் என்று நினைத்தேன். பேப்பரைத் திருப்பிக்கொண்டார்.

நவம்பர் 27, திங்கள்

ரெக்சின் மூக்கு எஞ்சின் தலையில் பட்டு உருகி, வீதியெல்லாம் நாற்றம். எதிர்வீட்டில் குப்பை எரிக்கிறீர்களா என்று கேட்கிறார்கள்.

நவம்பர் 29, புதன்

எண்ணெய் டின்னை வெட்டி, நுனிப் பாகத்தைத் தகரத்தில் வைத்தேன். முன்பாகம் ரெக்சின், பின்பாகம் தகரம். ராத்திரி கேட்டால், உறை தலையணை மாதிரி உப்பிக்கொண்டு வண்டியைப் பின்னால் இழுக்கிறதாம்.

கொஞ்ச நேரம் யோசித்தால் புரிகிறது. உள்ளே வருகிற காற்று வெளியே போக வேண்டாமா? பின்பக்க மடிப்பையும் அடியில் இருக்கிற சுற்றையும்தான் நான் இறுக்கித் தைத்து வைத்திருக்கிறேனே. போக வழி இல்லாவிட்டால் வருகிற காற்று வாசலிலேயே நின்றுவிடும். இரண்டு தையலையும் பிரித்துவிட்டேன். நாலு நாளாகத் தைத்தது, பிரிக்க ஒரு நிமிஷம்.

டிசம்பர் 3, ஞாயிறு

பெள்ளிராஜும் நானும் வண்டியில் மேட்டுப்பாளையம் வரை இறங்கி, உடனே திரும்பி ஏறினோம். வேண்டுமென்றே என்னையும் ஏற்றிக்கொண்டு போகச் சொன்னேன். பாரம் இருந்தால்தானே தெரியும். பின்கம்பியைப் பிடித்துக்கொண்டு, ஒவ்வொரு வளைவிலும் மூக்கை உறிஞ்சி மோந்து பார்த்தேன். தீய்ந்த வாடை இல்லை. இழுவை குறையவில்லை. குஞ்சப்பனை போனது, அந்த வளைவு போனது, அரவேணு போனது. கோத்தகிரி பஸ் ஸ்டாண்டு வரை வண்டி எங்கேயும் நிற்கவில்லை.

"ஏனுங்க்கா, இதைப் பத்து பேருக்குத் தெச்சுக் குடுக்கலாம்" என்றான் பெள்ளிராஜ். இந்தத் தடவை டீ குடிக்கவைத்துத்தான் அனுப்பினேன்.

எனக்கு இன்று ரொம்பச் சந்தோஷமாக இருக்கிறது. இனி ரூம் என்று யார் வாயைத் திறக்கிறார்கள் பார்க்கலாம். இவரிடம் சொன்னேன், வண்டி சரியாகிவிட்டது, இனி சூடாகாது என்று. "சரி" என்றார்.

டிசம்பர் 4, திங்கள்

எட்டு மணி. "வண்டி சூடாயிருச்சு" என்றார்.

டிசம்பர் 5, செவ்வாய்

எட்டேகால். வண்டி சூடு.

டிசம்பர் 6, புதன்

இன்று கேட்டுவிட்டேன். "எஞ்சின் சூடாகறதில்ல. நானே ஏறி வந்து பாத்துட்டேன். முக்கால் மணி நேரம் எங்க இருக்கறீங்க? எவ வூட்டுல?"

என்னைப் பார்த்தார். கோபமாகப் பார்த்திருந்தால் தேவலை. ரொம்பக் களைப்பாகப் பார்த்தார். "அந்த ரூமுக்கு மார்கழி ஒண்ணாந்தேதியிலிருந்து வர்றேன்னு சொல்லீரட்டுமா?" என்று கேட்டார், என்னமோ நான்தான் முடிவு சொல்ல வேண்டும் போல. அவர் போய்ப் படுத்துக்கொண்டார்.

அப்படியென்றால் வண்டி ஒரு சாக்குத்தான். போக வேண்டும் என்று ஏற்கனவே முடிவு செய்தவர், எஞ்சின் மேல் பழியைப் போட்டிருக்கிறார். நான் விரலைக் குத்திக் குத்தி அந்தச் சாக்கைப் பிடுங்கிவிட்டேன். எனக்குப் பயமாக இருக்கிறது. இதை யாரிடம் சொல்வது?

டிசம்பர் 7, வியாழன்

கடையை மூன்று மணிக்கே சாத்தினேன். மேட்டுப்பாளையம் பஸ் ஏறி, குஞ்சப்பனைக்கு மேலே அந்த வளைவில் நிறுத்தச் சொன்னேன். கண்டக்டர், "இங்க எறங்கி என்னம்மா பண்ணப் போறீங்க, ஆனை வர்ற எடம்" என்றார். என் வீட்டு ஆனையைப் பிடிக்கத்தான் வந்திருக்கிறேன் என்றேன்.

வீடு ஒன்றும் இல்லை. கடையும் இல்லை. ரோட்டோரம் ஒரு தடுப்புச் சுவர், கீழே பள்ளம், எதிரே யானை கடக்கும் பகுதி என்று வனத்துறை வைத்த பெரிய பலகை. இந்தப் பலகையைப் பார்த்துக்கொண்டா தினமும் இங்கே உட்காருகிறார்? பலகைக்குப் பின்னால் போய் நின்றேன். மூன்று பஸ் போனது, தேயிலை ஏற்றிக்கொண்டு ஒரு லாரி போனது. கால் வலித்தது. எவளாவது வருவாள் என்று எதிர்பார்த்தேன். வந்தால் என்ன பேச வேண்டும் என்று வரிசையாக எடுத்து வைத்திருந்தேன்.

இருட்டுக் கட்டுகிற நேரத்துக்கு எங்கள் வண்டி வந்தது. தூரத்திலிருந்தே சத்தம் தெரியும். நல்ல சத்தம், இழுவை ஒழுங்காக இருந்தது. ஓரமாக நிறுத்தினார். எஞ்சினைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. ஹெல்மெட்டைக் கழற்றிச் சுவர்மேல் வைத்துவிட்டு, பக்கத்தில் உட்கார்ந்து, முகத்தை இரண்டு கையாலும் தேய்த்துக்கொண்டார்.

அப்புறம் பேச ஆரம்பித்தார். போன் இல்லை, பக்கத்தில் ஆள் இல்லை. பள்ளத்தைப் பார்த்துப் பேசினார்.

"இன்னிக்கு அஞ்சு லோடு... அஞ்சு நேத்து சொல்லியாச்சு. நாலு. நாலு லோடு, ஊட்டிக் கெழங்கு ரெண்டு, மைசூருக் கெழங்கு ரெண்டு." விரலை மடக்கினார். "குஜராத் லாரி... வேண்டாம். மொதலாளி கூப்பிட்டாரு. கூப்பிட்டு, ஆறுச்சாமி, வருசக் கணக்கை நீதான் பாக்கோணும்னு... அப்பறம் என்ன சொன்னாருன்னு கேப்பா. அப்பறம்... அப்பறம் என்ன சொன்னாரு?"

அங்கேயே நின்றுவிட்டார். அதற்குமேல் அவருக்கு வரவில்லை. மறுபடியும் முதலிலிருந்து, "இன்னிக்கு நாலு லோடு" என்று ஆரம்பித்தார். பள்ளிக்கூடத்தில் பாடம் ஒப்பிக்கப் போகிற பையன் மாதிரி.

நான் எடுத்து வைத்திருந்த பேச்செல்லாம் எங்கே போனதென்று தெரியவில்லை. பலகைக்குப் பின்னாலிருந்து ரோட்டைத் தாண்டிப் போனேன். என்னைப் பார்த்ததும் எழுந்து நின்றார். முதலாளி வந்தால் எழுந்து நிற்கிற மாதிரி நின்றார்.

"நீ... நீ எப்படி இங்க?"

"பஸ்ல."

வண்டியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "வண்டி சூடாயிருச்சு" என்றார்.

எத்தனை சொல்லியிருக்கலாம். "சரிங்க" என்றேன். என் வாயிலிருந்தா வந்தது என்று எனக்கே சந்தேகமாக இருந்தது. "ஆறிருச்சுங்களா?"

"ஆறிருச்சு."

"அப்ப வூட்டுக்குப் போலாமா?"

பின்னால் ஏறி, வழக்கம்போல அவருடைய வலது தோளைப் பிடித்தேன். அவர் உடம்பு ஒரு துள்ளுத் துள்ளியது. வண்டியைக் கிளப்பினார். இரண்டு ஆளை ஏற்றிக்கொண்டும் எஞ்சின் முனகவில்லை. தகரப் புனலுக்குள் காற்றுப் போகிற சத்தம் மட்டும் கேட்டது. இன்றைக்கு எத்தனை லோடு என்று கேட்க நாக்கு நுனி வரைக்கும் வந்தது. பல்லைக் கடித்துக்கொண்டேன். ஒரு வளைவு, இரண்டு வளைவு. வாயை மூடிக்கொண்டு மலை ஏறுவது இவ்வளவு கஷ்டம் என்று எனக்குத் தெரியாது.

அரவேணு விளக்கு தெரிகிற இடத்தில், திரும்பிப் பார்க்காமல், ரோட்டிடம் சொல்கிற மாதிரி அவராகவே சொன்னார்.

"கணக்கு இப்ப எங்கிட்ட இல்ல புள்ள. ஆயுத பூஜை முடிஞ்ச வாரமே கம்ப்யூட்டருக்கு ஒரு பொண்ணப் போட்டுட்டாங்க. மொதலாளி பையன் சொன்னான், இருக்கறதுன்னா கெடங்குல இருங்கன்னு."

கியரைக் குறைத்தார்.

"மூட்டை தூக்கறேன்" என்றார்.

ஐம்பத்திரண்டு வயசு. அந்த முதலாளியையும் அவன் பையனையும் திட்டுவதற்கு என்னிடம் இல்லாத வார்த்தையா? இந்த டைரியின் மிச்சப் பக்கம் போதாது. ஆனால் அந்த நேரம் எனக்குத் தோன்றியது ஒன்றுதான். நான் பிடித்திருந்தது அவர் மூட்டை வைக்கிற தோள். கையைச் சட்டென்று எடுத்தேன். எடுத்த கையை எங்கே வைப்பது என்று தெரியவில்லை.

"ஏன் கைய எடுத்துட்டே? வளைவு வருது, புடிச்சுக்க."

இடுப்பைப் பிடித்துக்கொண்டேன். கல்யாணமாகி இருபத்து மூன்று வருஷத்தில் முதல் தடவை, அரவேணு கடைவீதியில், அத்தனை பேர் பார்க்க.